நான்கு வீட்டு ரொட்டி

கெனா பசியோடு கணக்குப் போடுவதை அவனுடைய மாமியார் தாநெபுவால் பொறுத்துக்கொள்ள முடியாது. கணக்குப் போடும்போது யாராவது வாயைத் திறந்தால் கெனாவால் பொறுத்துக்கொள்ள முடியாது. இப்படிப்பட்ட இரண்டு பேர் ஆறு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்துவந்தார்கள். கூரையும் பெரிய கூரை அல்ல. மதிலுக்குள் முதுகோடு முதுகு ஒட்டி நின்ற நாற்பத்தைந்து வீடுகளில் அதுவும் ஒன்று. நீளவாக்கில் நாலு அறை. முன்னறையில் ஒருவன் தும்மினால் கடைசி அறை அடுப்படியிலிருந்து "நூத்திப்பத்து வயசு இரு" என்று வாழ்த்து வந்துவிடும்.

அது அரசர்களுக்கு மலையில் கல்லறை குடைகிறவர்களின் ஊர். தண்ணீர் கழுதை முதுகில் ஏறி வர வேண்டும். கோதுமையும் வெங்காயமும் மீனும் ஆற்றங்கரையிலிருந்து யாராவது கொண்டுவந்து இறக்க வேண்டும். ஊருக்குள்ளேயே தாராளமாக விளைவது தூசியும் வம்பும்தான். வந்ததை எல்லாம் பங்கு பிரிக்க வேண்டியிருப்பதால் அந்த ஊரில் கல் தச்சனுக்கு அடுத்தபடியாக எழுத்தருக்குத்தான் மரியாதை. ஊர் எழுத்தர் ஆனக்து கிழவருக்கு இப்போது கண்ணில் புகை படிந்துவிட்டது. திருவிழா முடிந்ததும் அவர் ஆற்றைக் கடந்து மந்திரியின் அலுவலகத்துக்குப் போய், தனக்குப் பிறகு யார் என்று சொல்லிவிட்டு வரப்போகிறார். அவர் சொல்லப்போவது உதவி எழுத்தனான கெனாவின் பெயரைத்தான் என்பது கழுதைகளுக்குக்கூடத் தெரியும்.

கெனாவுக்கும் தெரியும் என்பதுதான் வினை. நல்லவன்தான். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் அவனுக்குக் கால் தரையில் பாவாது. பேசிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் எதையாவது இரட்டிப்பான். இப்போது ஏழு மாசக் கர்ப்பமாக இருக்கும் மனைவி மெரூத், தான் உண்டாகியிருப்பதை முதன்முதலில் சொன்னபோது, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு வருஷத்துக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று விரலை மடக்கினவன் அவன். தாநெபுவிடம் இதற்கு ஒரு பேச்சு இருந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடினாலும் உள்ளே ரெண்டு நாலு எட்டு என்று வாத்துக் குஞ்சு மாதிரி வரிசையாகப் போகும் என்பாள். கிணற்றடி இல்லாத ஊர் அது. தண்ணீர்த் தொட்டியடியில் நின்று அவள் இதைச் சொன்னால் பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

சிரிக்க வைப்பதில் எவ்வளவு பேர் வாங்கியிருந்தாளோ, ரொட்டியில் அதைவிடப் பேர் வாங்கியிருந்தாள். பூச்சு வேலைக்காரரான புருஷன் போன பிறகு மகள் வீட்டுக்கு வந்தவள், வந்த மறு வருஷமே ஊர்த் திருவிழா ரொட்டிக்குப் பொறுப்பாகிவிட்டாள். அவள் சுட்ட ரொட்டி மூன்று நாள் கழித்தும் மெத்தென்று இருக்கும். கை மட்டும் கொஞ்சம் நீளம். கழுதைக்காரன் வாடிய முகத்தோடு வந்தால் ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் ஒன்று என்று எடுத்துக் கொடுத்துவிடுவாள். கேட்டால், அடுப்பில் கருகிப்போயிற்று என்பாள்.

திருவிழா என்றால் மலையடிவாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்ட அவரவர் வீட்டுப் பெரியவர்களைப் பார்க்கப் போகிற திருவிழா. கல்லறை வாசலில் பாய் விரித்து, பூ வைத்து, அவர்களுக்கும் ஒரு பங்கு போட்டு, நாமும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பீர் குடித்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு ஆறு ரொட்டி ஊர்ப் பொதுவில் கிடைக்கும். வெறுங்கையை வீசிக்கொண்டு அப்பன் கல்லறைக்குப் போகிறவனை இருப்பவர்களும் மன்னிக்க மாட்டார்கள், போனவர்களும் மன்னிக்க மாட்டார்கள்.

ஆக, நாற்பத்தைந்து வீடு, வீட்டுக்கு ஆறு. கெனா முன்னறைத் தரையில் மெல்லிய மண்ணைப் பரப்பி உட்கார்ந்தான். எழுத்துக்குச் சாமியான தோத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஒரு குச்சியை எடுத்தான். கல் சில்லில் எழுதலாம். ஆனால் அவனுக்குத் தரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வரிசையாகப் பெரிதாக எழுதினால்தான் கை ஓடும். தரையில் எழுதுவது அடி வாங்குகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பழக்கம் என்று ஆனக்து கிழவர் கேலி செய்வார். கெனா காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

ஒரு வீட்டுக்கு ஆறு என்று முதல் வரிசை. அதை இரட்டித்தால் இரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு. அதையும் இரட்டித்தால் நான்கு வீட்டுக்கு இருபத்து நான்கு. எட்டு வீட்டுக்கு நாற்பத்தெட்டு. பதினாறு வீட்டுக்குத் தொண்ணூற்றாறு. முப்பத்திரண்டு வீட்டுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதற்கு மேல் இரட்டித்தால் ஊரைத் தாண்டிப் போய்விடும், அதனால் அங்கே நிறுத்தினான். இனி இந்த வரிசைகளிலிருந்து நாற்பத்தைந்து வீட்டைத் தேற்ற வேண்டும். முப்பத்திரண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு இழுத்தான். மீதி பதிமூன்று. எட்டுக்கு ஒரு கோடு. மீதி ஐந்து. நான்குக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு கோடு. வேண்டாத இரண்டும் பதினாறும் கோடில்லாமல் நின்றன. கோடு போட்ட வரிசைகளின் ரொட்டியைக் கூட்ட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது தாநெபு வந்தாள். கையில் ஆவி பறக்கும் கிண்ணம். பூண்டுத்தாள் நறுக்கிப் போட்ட பருப்பு, மேலே ஒரு கருவாட்டுத் துண்டு.

"நேத்துலேர்ந்து பீரைத் தவிர ஒண்ணும் உள்ள போகல. சாப்பிட்டுட்டு எழுதுங்க மாப்பிள்ளை."

"கொஞ்சம் இருங்க அத்தை. முடிஞ்சுது."

"இதத்தான் காலைலயும் சொன்னீங்க. எனக்கு அடுப்பு எரியுது, உங்களுக்கு ஊட்டிக்கிட்டு நிக்க முடியாது" என்று சொல்லிக் கிண்ணத்தை அவன் முன்னால் தரையிலேயே வைத்தாள். வைத்தவள் போகவும் இல்லை. அவன் முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை இடுப்பில் கை வைத்து நின்றாள். கருவாடு ருசியாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கெனா மென்றுகொண்டே கோடு போட்ட வரிசைகளை மேலிருந்து கீழே கூட்டினான்.

"இருநூத்து நாப்பத்தாறு" என்றான்.

தாநெபு யோசித்தாள். போன வருஷம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி சுட்டது மாதிரி இருக்கிறதே என்றாள். கெனாவுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் போன வருஷத்தோடு போயிற்று, நீங்கள் மாவைப் பாருங்கள், எண்ணிக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். சாப்பிட்டு முடித்துக் காலால் தரையைத் தேய்த்து அழித்தான். இருநூற்று நாற்பத்தாறுக்கு எவ்வளவு கோதுமையோ அவ்வளவைக் களஞ்சியத்திலிருந்து அளந்து கொடுத்தான். தாநெபு இரண்டு நாள் முதுகு ஒடிய அரைத்து, பிசைந்து, சுட்டாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் மதில் வாசலில் பங்கு பிரித்தார்கள். மேஸ்திரி நக்தமின் நின்று வீட்டுப் பெயரைக் கூப்பிட, கூடையிலிருந்து ஆறு ஆறாக எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தோராவது வீடு வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் கூடையின் அடி தெரிந்தது. நான்கு வீட்டுக்காரர்கள் வெறும் துணியை விரித்தபடி நின்றார்கள். அதில் ஒருவன் கல் தச்சன் பாஷெரி. ஆள் மலை மாதிரி, வாய் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் மனைவி வாபெத் பேசுவாள்.

நக்தமின் கெனாவைப் பார்த்தார். எல்லா வீட்டையும் சேர்த்துத்தானே கணக்குப் போட்டாய் என்று கேட்டார். கெனா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"நாப்பத்தஞ்சு வீட்டுக்கும்தான். என் கணக்குல ஒரு ரொட்டி கொறயாது" என்றான்.

"அப்ப ரொட்டிக்குக் கால் மொளச்சிருக்கு" என்றாள் வாபெத். "அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவுல."

எல்லோரும் தாநெபுவைப் பார்த்தார்கள். கழுதைக்காரனுக்கு அவள் எடுத்துக் கொடுப்பதை அந்த வாசலில் பார்க்காதவர்கள் இல்லை. தாநெபு இப்போது வெடிப்பாள், வாபெத்தின் ஏழு தலைமுறையை இழுப்பாள் என்று கெனா காத்திருந்தான். அவள் கெனாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையிலிருந்த மாவைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"அடுப்பு என் பொறுப்பு. கொறஞ்சா என்னத்தான் கேக்கணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நக்தமினுக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் நான்கு வீட்டுக்காரர்கள் எதிரில் நிற்கிறார்கள். நாளைக் காலையில் ஊர்ச்சாமி வெளியே வரும்போது சாமியிடமே கேட்டுவிடலாம் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார். சாமி என்றால் அந்த ஊரை முதலில் குடிவைத்த பழைய அரசர்தான். செத்துச் சாமியாகி, இப்போது நாற்காலியில் உட்கார்ந்து எட்டுப் பேர் தோளில் வருகிறார். கேள்வி கேட்டால் ஆமாம் என்றால் முன்னால் வருவார், இல்லை என்றால் பின்னால் போவார். தூக்குகிற எட்டுப் பேரும் ஊர்க்காரர்கள்தான். நாளை முன்கம்புக்குத் தோள் கொடுக்கும் முறை பாஷெரியுடையது.

கெனா வீட்டுக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்தான். காது இரண்டும் எரிந்தன. மாமியாருக்கு வாய் நீளம் என்பது தெரியும், கை நீளம் என்பதும் தெரியும், ஆனால் நான்கு வீட்டுப் பங்கை எடுத்துக் கொடுக்கிற அளவுக்கா? அதுவும் ஆனக்து கிழவர் ஆற்றைக் கடக்கப்போகிற இந்த நேரத்திலா? மெரூத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். விஷயம் அவள் காதுக்கு முன்னமே வந்துவிட்டது.

"எங்கம்மா திருடினாங்கன்னு நெனைக்கிறீங்களா?"

"நான் நெனைக்கல. கணக்கு அப்படிச் சொல்லுது."

"அப்ப அந்தக் கணக்குகிட்டயே எத்தனை போச்சுன்னு கேளுங்க. நான் அம்மாகிட்டக் கேக்கறேன். ரெண்டும் ஒண்ணாச் சொல்லுதான்னு பாப்போம்" என்றாள் மெரூத். கோபத்தில் எழுந்திருக்க முயன்று, முடியாமல், அவன் கையையே பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

கேட்டால் என்ன என்று கெனாவுக்கும் வீம்பு வந்தது. மறுபடி மண்ணைப் பரப்பினான். நாற்பத்தோரு வீட்டுக்கு ரொட்டி போய்ச் சேர்ந்திருக்கிறது. அது எத்தனை என்று முதலில் பார்த்துவிட்டு, தான் சுடச் சொன்னதிலிருந்து அதைக் கழித்தால், மாமியார் கைக்குப் போனது எத்தனை என்பது தெரிந்துவிடும். அதே ஆறு, அதே பன்னிரண்டு, அதே இரட்டிப்பு. வரிசைகள் இறங்கி வந்தன. நாற்பத்தொன்றைத் தேற்ற முப்பத்திரண்டுக்கு ஒரு கோடு, எட்டுக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு கோடு. கூட்டினான். இருநூற்று நாற்பத்தாறு.

குச்சி கையிலேயே நின்றுவிட்டது. அவன் சுடச் சொன்ன எண்ணும் அதுதான். கழிப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. திருடினவள் கைக்கு எது அகப்பட்டதோ அதை எடுத்திருப்பாள், ஐந்தோ பத்தோ போயிருக்கும். இங்கே நான்கு வீட்டு வரிசை மொத்தமாக, ஒரு ரொட்டி பிசகாமல், காணாமல் போயிருக்கிறது. அப்படி எடுக்கத் தெரிந்த திருடன் ஊரில் ஒருவன்தான். அவன் இப்போது மண்ணின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் கோடு போட்டது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. மீதி ஐந்து, நான்குக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு கோடு. பிறகு எப்படி விட்டுப்போனது? தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு வீட்டு வரிசை நேர் எதிரே, கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருந்தது. அந்த இடத்தில்தான் அன்றைக்குக் கருவாடு போட்ட கிண்ணம் இருந்தது. அவன் பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டே கண்ணுக்குத் தெரிந்த வரிசைகளை மட்டும் கூட்டிவிட்டான்.

சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. இப்படி இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷன் எதற்கு இடம் கொடுப்பான்? கெனா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

தாநெபு அரைகல்லின் முன்னால் மண்டியிட்டுக் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் குதிர் திறந்து கிடந்தது. மாசம் முழுக்கச் சாப்பிட வைத்திருந்த கோதுமையில் பாதி தரையில் இருந்தது. மெரூத் சுவரில் சாய்ந்து, கேட்க வந்ததைக் கேட்காமல், கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலு வீட்டுக்கும் நாளைக்கு ரொட்டி வேணுமே" என்றாள் தாநெபு, நிமிராமல்.

கெனா அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"நீங்க சுட்டது இருநூத்து நாப்பத்தாறு அத்தை. நான் சொன்னது."

"ஆமா."

"தெரிஞ்சுகிட்டே ஏன் வாசல்ல சொல்லல?"

"என்னன்னு சொல்ல? என் மாப்பிள்ளைக்குக் கூட்ட வராதுன்னா?" அரைப்பதை நிறுத்திவிட்டு முன்கையால் நெற்றியைத் துடைத்தாள். முகத்தில் மாவு ஒட்டியது. "என்னை ரொட்டித் திருடின்னு ஒரு மாசம் பேசுவாங்க. அப்புறம் அதே வாபெத் வந்து, அக்கா கொஞ்சம் புளிச்ச மாவு குடுன்னு நிப்பா. எழுத்தனுக்குக் கணக்கு வராதுன்னு ஒரு தடவ வாயில விழுந்துட்டா, நீங்க கெழவன் ஆனப்புறமும் அதத்தான் சொல்லுவாங்க. கெழவர் ஆத்தைக் கடந்துட்டு வரட்டும். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க."

ஆறு வருஷமாக இந்த வீட்டில் தன்னை மட்டம் தட்டுவதற்கென்றே ஒருத்தி இருக்கிறாள் என்று கெனா நினைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் தன் மீது அவனுக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சம் அல்ல.

"ஆனா ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "எப்படி உட்டீங்க? வாத்துக் குஞ்சாட்டம் வரிசையாப் போறதுல ஒண்ணு மட்டும் எப்படித் தப்பும்?"

கிண்ணம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தான்.

"கண்ணு ஏமாத்திடுச்சு அத்தை" என்றான்.

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி அரைக்கத் தொடங்கினாள். நாளைக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்று பெரிய சாமி ஆமுன் மேல் சத்தியம் செய்யச் சொன்னாள். கெனா சத்தியம் செய்யாமல் மெரூத்தோடு சேர்ந்து கல் பொறுக்கினான்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஊரே மதிலுக்கு வெளியே கூடிவிட்டது. தலையில் பூ, கண்ணில் மை, கையில் பீர் ஜாடி. சாமி வந்தார். தூபப் புகைக்கு நடுவே அவருடைய கறுத்த முகம் யார் பக்கமும் சாராத முகமாக இருந்தது. முன்கம்புக்குக் கீழே பாஷெரியின் முகம் அப்படி இல்லை. தாநெபு வெளுத்த உடை உடுத்தித் தனியாக நின்றாள். அவளைச் சுற்றி யாரும் நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் அவளோடு சிரிக்கிறவர்கள் எல்லோரும் ஜாடியின் மூடியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்கள்.

நக்தமின் தொண்டையைக் கனைத்தார். நான்கு வீட்டு ரொட்டியைப் பூச்சுக்காரர் மனைவி தாநெபு எடுத்தாளா என்று கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் கெனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு சாமியின் முன்னால் போய் நின்றான். மாமியார் பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டது கேட்டது. அவன் திரும்பவில்லை. திரும்பினால் பேச வராது என்று அவனுக்குத் தெரியும்.

"சாமி, நான் கேக்கறேன்" என்றான். "எங்க அத்தை நான் சொன்னபடிதான் சுட்டாங்க. நான்தான் கூட்டும்போது நாலு வீட்டை உட்டுட்டேன். இது கெனா பண்ணின தப்புதானே?"

சாமி யோசிக்கவே இல்லை. முன்னால் வந்தார் என்று சொல்வது போதாது, பாய்ந்தார். பாஷெரி எடுத்து வைத்த அடியில் மற்ற ஏழு பேரும் இழுபட்டு ஓடிவர, நாற்காலியின் நுனி கெனாவின் நெஞ்சில் இடித்து அவன் மல்லாந்து விழுந்தான். சாமியின் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு எங்கேயோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், அதோடு அணை உடைந்தது. பாஷெரியின் கை நீண்டு கெனாவைத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிட்டது.

ஆனக்து கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு கிட்டே வந்தார்.

"கோடு போட்டியா, போடலையா?" என்று கேட்டார்.

"போட்டேன் ஐயா."

"போட்ட கோட்டை எப்படிக் கூட்டாம உட்டே?"

கெனா பக்கவாட்டில் பார்த்தான். தாநெபு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"கவனம் இல்ல ஐயா" என்றான்.

கிழவர் தலையை ஆட்டினார். கவனம் இல்லாதவன் பெயரை மந்திரியிடம் சொல்ல முடியாது, ஆற்றில் இன்னொரு வருஷ வெள்ளம் வந்து வடியட்டும், அதுவரை என் கண் எப்படியாவது தாங்கும் என்றார். நான்கு வீட்டுக்கும் கொடுக்க வேண்டியதைக் கெனா தன் பங்கிலிருந்து கொடுக்க வேண்டும் என்று நக்தமின் தீர்ப்புச் சொன்னார். தீர்ப்புக்கு முன்னமே மெரூத் கூடையைத் திறந்து சூடான ரொட்டியை வாபெத்தின் துணியில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். வாபெத் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, பொதுவில் கிடைப்பதைவிட இது நன்றாக இருக்கிறது, அடுத்த வருஷமும் எங்கள் வீட்டை விட்டுவிடச் சொல்லுங்கள் என்றாள். அவளிடமிருந்து இதற்கு மேல் மன்னிப்பை எதிர்பார்ப்பது மடத்தனம்.

தாநெபு மலையடிவாரம் போகும்வரை கெனாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷனின் கல்லறை வாசலில் பாய் விரித்து, ரொட்டியும் வெங்காயமும் வைத்து, பீரை ஊற்றினாள். பிறகு கல்லில் செதுக்கியிருந்த அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள். மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது தெரியாததுபோல் பேசினாள்.

"கேட்டீங்களா, நம்ம மாப்பிள்ளை சமாசாரத்தை? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வாயை மூடிக்கிட்டு இருடான்னு. ஊரு முன்னாடி போயி நின்னு, நாந்தான்னு சொல்லிட்டு, சாமிகிட்ட இடியும் வாங்கிட்டு வந்திருக்கான். ஒரு வருஷம் போச்சு. பொறக்கப் போற புள்ளைக்கு அப்பன் இன்னும் உதவி எழுத்தன்தான். வீட்டுல இந்த மாசம் பூரா வெங்காயம்தான்." ரொட்டியைப் பிய்த்துக் கல்லின் முன்னால் வைத்தாள். குரல் கொஞ்சம் தணிந்தது. "நல்ல புள்ளதாங்க. உங்களாட்டம்தான், பொய் சொன்னா மூஞ்சி காட்டிக் குடுத்துடுது. கண்ணு ஏமாத்திடுச்சாம். பாவம் அந்தக் கண்ணு, அது என்ன பண்ணுச்சு?"

பிய்த்த ரொட்டியில் பெரிய பாதியைக் கெனாவின் கையில் வைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அவள் கடைசியாகச் சொன்னதை அன்றைக்கு அவன் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நெஞ்சில் சாமி இடித்த இடம் வேறு வலித்தது.

அடுத்த மாசத்துப் பங்குத் தானியத்தோடு கழுதைகள் வந்து இறங்கியபோது கெனா வழக்கம்போல முன்னறையில் மண்ணைப் பரப்பினான். அன்று பெரிய கணக்கு. வரிசைகள் அவன் முழங்காலிலிருந்து சுவர்வரை போயின. கோடுகளைப் போட்டான். கூட்ட ஆரம்பித்தபோது பருப்பு வாசனை வந்தது. பருப்பு வாங்க வழி பிறந்ததே அன்றைக்குத்தான். யாரோ வந்து நிற்பது நிழலில் தெரிந்தது. இப்போது ஒரு பேச்சு வரும், கிண்ணம் தரையில் உட்காரும் என்று எண்ணி, பாதிக் கூட்டலில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டான்.

பேச்சு வரவில்லை. கெனா கூட்டிக்கொண்டே போனான். நிழல் காலை மாற்றிக்கொண்டு நின்றது. கடைசி வரிசையையும் கூட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். தாநெபு வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். கையில் ஆவி பறக்கும் கிண்ணம். துணியை மடித்துப் பிடித்திருந்தும் சூடு தாளாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். தரையில் கால் வைக்க நிறைய இடம் இருந்தது. கிண்ணம் வைக்கவும் இடம் இருந்தது. அவள் வைக்கவில்லை.

"எல்லாக் கோடும் கூட்டியாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு அத்தை" என்றான் கெனா. குச்சியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினான்.